மகேஸ்வரன் பெயரில் வந்த குளிசைகள்

அத்தியாயம் 17

ஒன்றுவிட்ட செவ்வாய்க்கிழமைகளில் ஜுனைதீன் தம்புள்ளைக்குப் போய்வருவது, அவர் மனைவி றஹீமாவின் நித்திரையைக் கெடுத்து ஐந்து மாதமாகிவிட்டது.

மரக்கறி யாவாரத்தை மகன் இன்ஷாபின் கையில் கொடுத்துவிட்டு, பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டம் ஒன்றே வேலையாக வீட்டோடு இருக்கிற மனிதர். அவருக்கு அயர்ன் பண்ணிய சேர்ட்டும் அத்தருமாகத் தம்புள்ளையில் என்ன சோலி? கேட்டால் "பழைய யாவாரத் தொடர்பு" என்பார். போனையும் நிற்பாட்டி வைத்துவிடுவார். அறுபத்துமூன்று வயதில் மனிதர் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறாரோ என்ற எண்ணம் றஹீமாவின் மனதில் நுழைந்து, பாய் விரித்துப் படுத்தே விட்டது.

இதற்கிடையில் போன வெள்ளிக்கிழமை, நோன்பு தொடங்கி மூன்றாம் நாள், பள்ளி ஹவுள் தண்ணீர்த் தொட்டியடியில் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளூ செய்துகொண்டிருந்தவர் கண் இருட்டி விழுந்தார். பசிக்களை என்று எல்லோரும் சொன்னார்கள். மருமகள் நிப்லாவும் அப்படித்தான் சொன்னாள். மாத்தளை டவுனில் ஒரு பாமசி மருந்துக்கடையைப் பொறுப்பாக நடத்துகிற, படித்துப் பட்டம் வாங்கிய மருமகளே சொன்ன பிறகு வீட்டில் யார் மறுத்துப் பேசுவது?

இன்றைக்கு மறுபடியும் செவ்வாய். பின்னேரம் மூன்றரை மணிக்கு றஹீமா பாமசிக்குள் வந்த வேகத்தில், கவுண்டரில் உட்கார்ந்திருந்த உதவியாள் கெத்தரின் எழுந்து வழிவிட்டாள். றஹீமாவின் பர்தாவுக்குள் ஒரு பிஸ்கட் டின் ஒளிந்திருந்தது.

"மகள், கொஞ்சம் உள்ளுக்கு வாங்க."

மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறையில் வைத்து டின்னை நிப்லாவின் கையில் திணித்தாள்.

"என்ன மாமி இது?"

"அலுமாரிக்கு மேல, பழைய சூட்கேஸுக்குள்ள இருந்திச்சு. அந்தப் பொம்பளைட கடுதாசியாத்தான் இருக்கும். எனக்கு இங்கிலீசு தெரியாது. நீங்க வாசிங்க. என்ன இருந்தாலும் மறைக்காம சொல்லணும்."

நிப்லாவுக்குச் சிரிப்பு வந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டு மூடியைத் திறந்தாள். கடிதம் ஒன்றும் இல்லை. இரத்தப் பரிசோதனைத் தாள்கள், வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட், ஒரு தனியார் டொக்டரின் மருந்துத் துண்டு, பாதி முடிந்த குளிசை மாத்திரை அட்டைகள்.

"மாமி, பொம்பள ஒருத்தியும் இல்ல. எல்லாத்துலயும் ஆம்பளப் பேருதான். மகேஸ்வரன்."

"மகேஸ்வரனா? தம்புள்ள சந்தையில கொமிசன் கடை வச்சிருக்காரே, பெருநாளுக்கு நம்ம வீட்டுல சாப்பிட வருவாரே, அவரா?" றஹீமா வாயைப் பிளந்தாள். "அவரு நல்லாத்தானே இருக்காரு. அவர்ட மருந்த இவரு என்னத்துக்கு ஒளிச்சு வைக்கணும்?"

நிப்லா தாளைத் தன் பக்கம் திருப்பினாள். பெயருக்குக் கீழே எழுதியிருந்த போன் நம்பரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நம்பர் அவள் மாமா ஜுனைதீனுடையது.

அவள் ரிப்போர்ட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை, நிதானமாக இன்னொருமுறை வாசித்தாள். ஈரல் சுருங்கி இறுகத் தொடங்கியிருந்தது. காரணமும் எழுதியிருந்தது: பல வருட நீரிழிவு என்கிற சீனி வருத்தம், ஈரலில் படிந்த கொழுப்பு. மது பாவனை இல்லை என்று டொக்டர் தனியாகக் குறித்திருந்தார்.

ஆனால் ஊர் ரிப்போர்ட் வாசித்தா பேசுகிறது? ஈரல் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், குடி என்று அடுத்த சொல்லை ஊரே போட்டுக்கொள்ளும். போன வருடம் பக்கத்துத் தெரு த்ரீவீல்காரர் ஒருவர் ஈரல் வருத்தத்தில் மௌத்தானபோது, பள்ளி முற்றத்தில் அடக்கத்துக்கு முன் மையித்து இருக்கும்போதே அவர் குடிகாரர் என்ற கதை ஓடியது. அன்றைக்கு ஜுனைதீனும் நின்று தலையாட்டியவர்தான். அதே வருத்தம் தனக்கு என்று தெரிந்ததும், பள்ளிவாசல் நிர்வாகி மாத்தளையில் ஒரு டொக்டரிடமும் காட்டாமல் நாற்பத்தைந்து கிலோமீற்றர் தள்ளிப் போய், கூட்டாளியின் பெயரைக் கடன் வாங்கி வைத்தியம் செய்திருக்கிறார்.

"மாமாக்கு ஈரல்ல வருத்தம் மாமி. அதுக்குத்தான் தம்புள்ளைக்குப் போறாரு. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு பேர மாத்திச் சொல்லியிருக்காரு."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றது றஹீமாவின் வாய். சொன்ன மறுகணமே என்ன சொன்னோம் என்று உறைத்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஐந்து மாதமாக அந்த மனிதரை மனதுக்குள் திட்டாத திட்டில்லை.

நிப்லா அவளைத் தேற்றவில்லை. குளிசை அட்டை ஒன்றைத் திருப்பிப் பெயரை வாசித்தாள்.

ப்ரோப்ரனோலோல். இரவில் ஒன்று.

ஈரல் இறுகியவர்களுக்கு உள்ளே இரத்தக்குழாய் புடைத்து வெடித்துவிடாமல் இருக்கக் கொடுக்கிற மருந்துதான். தனியாகப் பார்த்தால் தப்பே இல்லை. ஆனால் ஜுனைதீனுக்கு இருதய வருத்தமும் இருக்கிறது. அதற்காக மாத்தளை கிளினிக்கில் கொடுக்கிற பைசோப்ரோலோலை மாதாமாதம் எண்ணி எடுத்துப் போவதே நிப்லாதான். இரண்டும் ஒரே இனத்து மருந்து. இரண்டுமே இருதயத் துடிப்பை மெதுவாக்குபவை. ஒரே வாகனத்தில் இரண்டு பேர் ஏறி, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கொரு பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். தம்புள்ளை டொக்டருக்கு இருதயம் தெரியாது, மாத்தளை டொக்டருக்கு ஈரல் தெரியாது. போதாததற்கு, பழுதான ஈரல் ப்ரோப்ரனோலோலை உடம்பிலிருந்து சீக்கிரம் கழிக்காது. அது தேங்கும்.

நோன்புக்கு முன் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் போட்டிருப்பார். அப்போதும் ஆபத்துதான், ஆனாலும் இடையில் பன்னிரண்டு மணித்தியாலம் இருந்தது. நோன்பு வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னதைக் கேட்காமல் அவர் பிடிவாதமாக நோன்பு வைத்ததும், நிப்லாதான் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாள்: காலைக் குளிசையைப் பொழுதுபட்டு நோன்பு துறந்ததும் போடுங்க மாமா.

அவள் எழுதிக் கொடுத்த அந்த நேரம்தான் இரண்டையும் ஒரே வாயில் சேர்த்துவைத்தது. வெள்ளிக்கிழமை விழுந்தவரின் மணிக்கட்டை ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். பசிக்களை என்று சொல்லி, பேரீச்சம்பழம் இரண்டு கூடச் சாப்பிடச் சொன்னாள். பட்டதாரி!

"மாமி, இன்னைக்கும் குளிசைய எடுத்துக்கிட்டா போனாரு?"

"ஓம். நீங்க எழுதிக் குடுத்த தாளோட சேர்ட் பொக்கட்டுல வச்சிருந்தாரு. பஸ்ஸு சுணங்கினா வழியில நோன்பு துறக்கணுமேன்னு."

போன் போட்டாள். நிற்பாட்டியிருந்தது. டொக்டரின் துண்டில் இருந்த நம்பருக்கு எடுத்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. இன்ஷாபுக்கு எடுத்தாள். அவன் றத்தோட்டைப் பக்கம் யாவாரத்துக்கு முட்டைக்கோவா ஏற்றிக்கொண்டிருந்தான். மகேஸ்வரனின் நம்பரை வாங்கிக்கொண்டு, உடனே வேனோடு வரச் சொன்னாள்.

மகேஸ்வரனின் குரலுக்குப் பின்னால் லொறிச் சத்தமும் கூலிக்காரர்களின் கூச்சலும் கேட்டன.

"ஜுனைதீன் அண்ணனா? எனக்கு ஒண்ணும் தெரியாதே மகள்."

"மாமா உங்க பேருல மருந்து எடுக்கிறது எனக்குத் தெரியும். இப்ப அத விடுங்க. அவரு எங்க?"

மகேஸ்வரன் சந்தைச் சத்தத்திலிருந்து விலகி நடந்தார்.

"சத்தியம் வாங்கிட்டாரும்மா. பேரக் குடுன்னு கேட்டாரு, குடுத்தேன். பேருதானே, குடுத்தா தேஞ்சா போகப்போகுது? காலையில கடைக்கு வந்து பேசிட்டு டொக்டர்கிட்ட போனாரு. வழக்கமா நாலு மணி போல அசர் தொழுதுட்டு பஸ் எடுப்பாரு. ஏம்மா, ஏதும் பிரச்சினையா?"

"அவரப் பாத்தீங்கன்னா ஒரு குளிசையும் போட வேணாம்னு சொல்லுங்க. ஒண்ணு கூட."

றஹீமாவை வீட்டுக்கு அனுப்பினாள். பஸ் நேரத்துக்கு வந்தால் மாமா நேரே வீட்டுக்கு வருவார், அங்கே தடுக்க ஆள் வேண்டும். போகுமுன் றஹீமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மகள், ஈரல் கதைய மகனுக்குச் சொல்லிடாதீங்க. வாப்பான்னா அவனுக்கு உசிரு. நானே எத்தனை நெனச்சேன் இந்த மனுசன? அவனும் ஒண்ணு நெனச்சான்னா இவரு தாங்க மாட்டாரு."

நிப்லா தலையசைத்தாள். தலையசைக்க வேண்டிய நேரமா என்று யோசிக்க அவளுக்கு அவகாசம் இருக்கவில்லை.

இன்ஷாப் வந்து சேர ஐந்து மணி தாண்டிவிட்டது. கெத்தரின் கவுண்டரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைப் பையில் போட்டுக் கொடுத்தாள். "நீங்க போங்க மிஸ். நான் மாதாவுக்கு நேர்ந்துக்கிறேன்" என்றாள். நிப்லாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு யார் வேண்டிக்கொண்டாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

"ரெண்டு டொக்டர்கிட்ட மருந்து எடுத்தாரா? என்னத்துக்கு?" வேனைத் திருப்பிக்கொண்டே இன்ஷாப் கேட்டான்.

"நெஞ்சுக் குளிச ரெண்டு இடத்துல வாங்கியிருக்காரு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா இருதயம் நின்னுகூடப் போகலாம்."

"ஒரு டொக்டர் போதாதா அவருக்கு? நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்றதில்லையா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதி உண்மைதான் சொல்லியிருந்தாள்.

நோன்பு துறக்கிற மஃரிப் பாங்கு ஆறு இருபத்துநாலுக்கு. எதிரே தம்புள்ளைப் பக்கமிருந்து பஸ் வரும்போதெல்லாம் இன்ஷாப் வேகத்தைக் குறைத்து ஹோன் அடித்தான். ஜன்னலோரத் தலைகளை நிப்லா கண்ணால் அரித்துப் பார்த்தாள். தொப்பி போட்ட தலை தெரிந்தால் சீட்டின் நுனிக்கு வந்தாள். எந்த பஸ்ஸுக்குள் அவர் போத்தலைத் திறந்துகொண்டு பாங்குக்காகக் காத்திருக்கிறாரோ? அவர்களைத் தாண்டியே போய்விட்டாரோ? வீட்டுக்கு எடுத்தால் "இன்னும் வரல மகள், இன்னும் வரல" என்று றஹீமா அழுதாள்.

வழியில் இருக்கிற நாவுலையில் த்ரீவீல் ஓடுகிற றுஸ்தி இன்ஷாபின் கூட்டாளி. அவனிடம் விஷயத்தைச் சொல்லி, வந்து நிற்கிற பஸ்ஸுக்குள் எல்லாம் ஏறிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஆறு மணி தாண்டி அவனுடைய அழைப்பு வந்தது.

"மச்சான், வாப்பா நாவுல பள்ளியில இருக்காரு. பஸ்ஸுல ஒரு மாதிரியா இருக்குன்னு எறங்கிட்டாராம். இப்தாருக்கு உக்காந்திருக்காரு. நான் ஹயர் ஒண்ணுல ஆள் ஏத்திக்கிட்டுத் தூர வந்துட்டேன், பள்ளியில உள்ள ஒருத்தர்தான் போன்ல சொன்னாரு."

"குளிச போட வேணாம்னு சொல்லச் சொல்லு!"

"சொல்றேன் மச்சான், ஆனா அந்தாளு இப்ப எடுக்கிறாரில்ல."

பாங்கு நேரத்தில் யார் போன் எடுப்பார்கள்? இன்ஷாப் வேனை முடுக்கினான். வளைவுகளில் அவன் எடுத்த வேகத்தில் நிப்லா கலிமாவைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பள்ளிவாசலுக்கு முன்னால் வேன் நின்றபோது ஆறு இருபது. இன்ஷாப் உள்ளே ஓடினான். நிப்லா கேற்றடியில் நின்றாள். முன் மண்டபத்தில் ஆண்கள் எதிரெதிராக இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சிக் கோப்பைகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

இன்ஷாப் தனியாகத் திரும்பி வந்தான்.

"வர மாட்டேங்கிறாரு. பாங்கு சொல்லட்டும், பொறகு வாறேங்கிறாரு. எல்லாரும் பாக்கிறாங்க, கையப் பிடிச்சா இழுக்கிறது?"

அந்த வரிசைக்குள் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. நிப்லாவும் பிறந்ததிலிருந்து போனதில்லை. செருப்பைக் கழற்றினாள், முந்தானையைச் சரிசெய்தாள், உள்ளே நடந்தாள். நாற்பது தலைகள் திரும்பின. யாரோ "பிள்ள, பிள்ள" என்று தடுக்கப் பார்த்தார். ஜுனைதீனுக்கு முன்னால் போய் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

அவருடைய முகம் வெளிறிக் கிடந்தது. நெற்றியில் வியர்வை. ஒரு கையில் பேரீச்சம்பழம்.

"குளிசையத் தாங்க மாமா."

அவர் அவளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவருக்கு அந்த நேரமே விளங்கிவிட்டது. எழும்பப் பார்த்தார், முடியவில்லை. இன்ஷாப் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் தாங்கி வெளியே படிக்கட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

பாங்கு சொல்ல ஆரம்பித்தது. உள்ளே கோப்பைகள் அசையும் சத்தம் கேட்டது. பிடித்துவிட்டோம், பாங்குக்கு முன்னால் பிடித்துவிட்டோம் என்று நிப்லாவின் மனம் துள்ளியது.

"துறங்க மாமா. பழத்தச் சாப்பிட்டுத் தண்ணி குடிங்க. குளிச மட்டும் வேணாம்."

பேரீச்சம்பழம் அவர் கையிலேயே இருந்தது. அவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"எனக்குத் துறக்க நோன்பு இல்ல மகள்."

"என்ன சொல்றீங்க?"

"ரெண்டு மணிக்கே போச்சு. டொக்டர்ட வாசல்ல, வெயிலுக்குள்ள வரிசையில நிக்கிறப்பத் தல சுத்திச்சு. ஒரு சிங்களப் பொம்பள தண்ணிப் போத்தல நீட்டினா. குடிச்சிட்டேன். குளிச போடாததாலதான் தல சுத்துதுன்னு நெனச்சேன். நோன்புதான் போச்சே, மருந்தையாவது போடுவோம்னு எல்லாத்தையும் அங்கயே போட்டுட்டேன். கிளினிக் குளிச ஒண்ணு. மத்தது ரெண்டு."

"ரெண்டா?"

"சுகமில்லாமத்தானே இருந்திச்சு. ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டா நல்லம்னு."

சொல்லிவிட்டு அவர் அழுதார். நோன்பாளிகளோடு நோன்பாளியாகப் போய் உட்கார்ந்த பாவம் அவருக்கு நோயைவிடப் பெரிதாக இருந்தது. நிப்லாவுக்கோ அவருடைய மணிக்கட்டு ஒன்றுதான் கண்ணில் பட்டது. போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். முழு ஒரு நிமிடம். துடிப்பு முப்பத்தாறுதான். தப்பாக எண்ணிவிட்டேனோ என்று கருவியைக் கட்டிப் பார்த்தாள். அதுவும் அதையேதான் சொன்னது. இரத்த அழுத்தமும் இறங்கிக் கிடந்தது.

நாலரை மணித்தியாலத்துக்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அவள் பஸ்ஸுகளின் ஜன்னல்களைத் தேடிக்கொண்டு வந்த வழி முழுவதும் மருந்து அவருக்குள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

"வேன எடுங்க! பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு!"

பின் ஆசனத்தில் மாமாவைச் சரித்துப் படுக்கவைத்து, அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். வேனின் இரைச்சலுக்குள் அவர் அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகினார்.

"மகள், அங்க மகேஸ்வரன்னு சொல்லுங்க."

"அந்தப் பேருல உங்க நெஞ்சு வருத்தம் எழுதல மாமா. பாதி ஆளக் கொண்டுபோய்க் குடுத்தா அவங்க எப்படிக் காப்பாத்துவாங்க?"

"மகனுக்கு முன்னால வேணாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் மறுபடியும் துடிப்பை எண்ணினாள். முப்பத்துநாலு.

ஆஸ்பத்திரியில் அவரை உடனே கட்டிலில் போட்டு நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். இளவயது லேடி டொக்டர் ஒருவர் திரையைப் பார்த்ததும் தாதியிடம் ஏதோ ஊசியின் பெயரைச் சொல்லிவிட்டு, என்ன வருத்தம், என்ன மருந்து என்று சிங்களத்தில் கேட்டார்.

நிப்லா ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள். மாமிக்குத் தலையசைத்தது நினைவிருந்தது. மாமாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன.

"பேர் ஜுனைதீன். இருதய வருத்தம் இருக்கு, பைசோப்ரோலோல் போடுறாரு. ஈரலும் இறுகியிருக்கு. அதுக்கு வேற இடத்துல ப்ரோப்ரனோலோல் எடுத்திருக்காரு. இன்னைக்கு ரெண்டு மணிக்கு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டிருக்காரு." சிங்களத்தில், சத்தமாக, ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள்.

மாமாவின் விரல்கள் தளர்ந்தன.

இன்ஷாப் திரும்பி அவளைப் பார்த்தான். "ஈரலா?"

டொக்டர் எழுதிக்கொண்டே, வயது கேட்கிற அதே குரலில், நிமிராமல் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"குடிக்கிறவரா?"

இல்லவே இல்லை என்று நிப்லா சொல்லத்தான் செய்தாள். ரிப்போர்ட்டில் இருக்கிறது, சீனியால் வந்தது என்றும் சொன்னாள். டொக்டர் அதைக் குறித்துக்கொண்டு ஊசியைப் போடத் திரும்பினார்.

ஆனால் கட்டிலில் கிடந்தவர் அவளையும் பார்க்கவில்லை, டொக்டரையும் பார்க்கவில்லை. தன் மகனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு துடிப்பு ஏறி இறங்கியது. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

இன்ஷாப் கட்டிலை விட்டு ஓரடி பின்வாங்கினான். ஒன்றுவிட்ட செவ்வாய்க்கிழமைகளையும், நிற்பாட்டி வைத்த போனையும், அயர்ன் பண்ணிய சேர்ட்டில் அடித்திருந்த அத்தரையும் அவன் குடி என்ற சொல்லோடு சேர்த்து மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறான் என்பது நிப்லாவுக்குத் தெரிந்தது.

ஜுனைதீனுக்கும் அது தெரிந்துவிட்டது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.